ஓலை வாசித்த மூன்று ஞாயிறுகள்

தேவாலயத்துக் கல்யாணத்துக்கு அழைப்பு வந்தால் எங்கள் சொந்தக்காரர்கள் இப்போது எனக்குத்தான் போன் செய்கிறார்கள். செருப்பை எங்கே விடுவது, பொட்டு வைத்துக்கொண்டு போகலாமா, எவ்வளவு நேரம் ஆகும், நடுவில் எழுந்து வந்தால் தப்பா, சாப்பாடு எப்போது. பெண்ணைத் தேவாலயத்தில் கட்டிக்கொடுத்தவன் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிறார்கள்.

தெரிந்ததைச் சொல்கிறேன். வாசலில் செருப்புகள் கிடந்தால் கழற்றுங்கள், இல்லையென்றால் போட்டுக்கொண்டே போங்கள். பொட்டை யாரும் பார்ப்பதில்லை. பூசை ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே போகும். முதல் வரிசை காலியாக இருக்கிறதே என்று போய் உட்காராதீர்கள்; நான்கைந்து வரிசை தள்ளி உட்கார்ந்தால் முன்னால் இருப்பவர் எழும்போது எழுந்து, உட்காரும்போது உட்காரலாம். வரிசையில் போய் வாங்குகிற அப்பத்தை மட்டும் வாங்கப் போகாதீர்கள். அது கோயில் பிரசாதம் போல வந்தவர்களுக்கெல்லாம் கொடுப்பதில்லை. அவர்களிலேயே அதற்கான சடங்கு முடிந்தவர்களுக்கு உரியது. நீங்கள் இடத்தில் உட்கார்ந்திருந்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

இதில் பெரும்பகுதி நான் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கற்றுக்கொண்டது. அதற்கு முன் பல வருடம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு நாளிதழுக்கு நிருபராக இருந்தேன். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் என்றால் தேவாலய வாசலுக்குப் போவேன். குடிலுக்கு முன்னால் குழந்தைகள் நிற்கும் படம் ஒன்று, ‘திரளானோர் பங்கேற்றனர்’ என்று முடிகிற நான்கு வரி. உள்ளே என்ன நடக்கிறது என்று கடைசி வரை இருந்து பார்த்ததில்லை. செய்திக்கு அது தேவைப்படவில்லை.

எங்கள் ஒரே பெண் பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டு, ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் தரப்பரிசோதனைப் பிரிவில் சேர்ந்தாள். அதே பிரிவில் வேலை செய்கிற பையனைக் கட்டிக்கொள்ள விரும்புவதாக ஒரு விடுமுறை நாளில் எங்களிடம் சொன்னாள். தூத்துக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். அப்பா வேலைக்காக ஓசூர் வந்து, இங்கேயே வீடு கட்டிக்கொண்டவர். எனக்கும் மனைவிக்கும் பையனைப் பிடித்திருந்தது. அவர்கள் வீட்டிலும் மறுப்பு இல்லை. அவர்கள் தேவாலயத்தின் பங்குச் சாமியார் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். பெண் மதம் மாற வேண்டியதில்லை, ஆயரிடம் அனுமதி வாங்கிவிடலாம் என்றார். அவர் எல்லைப்புறத்துக் கிராமம் ஒன்றில் தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்தவர். அதிகம் பேசாதவர், பேசினால் சுற்றி வளைக்காதவர்.

மிச்சம் இருந்தது என் மச்சான்தான், என் மனைவியின் அண்ணன். கல்லாவியில் விவசாயம் செய்கிறார். தக்காளி, கடலை, கொஞ்சம் மாந்தோப்பு. எங்கள் பக்கம் தாய்மாமன் இல்லாமல் பெண்ணை மணையில் உட்கார வைப்பதில்லை. இவர் விஷயத்தில் இன்னொன்றும் இருந்தது. அவருக்கு ஒரு மகன். முறைப்படி எங்கள் பெண் அந்தப் பையனுக்கு உரியவள். வெளியே கொடுப்பதென்றால் மாமன் வீட்டார் விட்டுக்கொடுத்தாக வேண்டும். மச்சான் மகனுக்கு இதில் அக்கறையே இல்லை. பாகலூர்ப் பக்கம் ஒரு ஆலையில் சூப்பர்வைசராக இருக்கிறான். “அதக் கட்டறதா? சின்ன வயசுல கல்லெடுத்து என் மண்டைய ஒடச்சது அது” என்று சிரித்துவிட்டான். ஆனால் முறை என்பது பையனோடு முடிகிற காரியம் இல்லை. அது அவன் அப்பா அம்மாவின் உரிமை.

மனைவி போனில் விஷயத்தைச் சொன்னபோது மச்சான் “ம்” என்றார். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் எத்தனையோ தடவை பேசினார்கள். மழை பற்றி, தக்காளி விலை பற்றி, மாட்டுக்குக் காய்ச்சல் வந்தது பற்றி. கல்யாணப் பேச்சு வந்தால் மட்டும் அந்த “ம்”. அவர் மனைவியோ போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

அவர்கள் வராவிட்டால் கல்யாணம் நின்றுவிடாது. ஆனால் என் மனைவிக்கு உடன்பிறந்தவர் அவர் ஒருவர்தான். “அண்ணன் வரலைன்னா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கினு அங்க போயி நிக்கறது?” என்றாள். எங்கள் பெண் அதைவிடக் கறாராகச் சொன்னாள்: “மாமா வரலைன்னா தேதி வைக்காதீங்க. அவரு வர்றப்ப பண்ணிக்கறேன்.” மாப்பிள்ளை வீட்டில் தை மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று அவசரப்பட்டார்கள். அதன் பிறகு தவக்காலம் வந்துவிடும், அப்போது கல்யாணம் வைக்க மாட்டார்கள்.

இந்த நிலைமையில் பையனின் அம்மா என் மனைவிக்குப் போன் செய்தார். ஓசூருக்கு வந்து இத்தனை வருடம் ஆகியும் அவர் பேச்சில் தூத்துக்குடி போகவில்லை.

“வார ஞாயித்துக்கிழம நம்ம பிள்ளையளுக்கு ஓலை வாசிக்காங்க மதினி. நீங்க எல்லாரும் வந்துருங்க. கல்லாவி அண்ணாச்சியையும் கூட்டிட்டு வாங்க.”

ஓலை வாசிப்பது என்றால் என்ன என்று அவரே விளக்கினார். கல்யாணம் பேசி முடித்தவர்களின் விவரத்தை மூன்று ஞாயிற்றுக்கிழமை, பூசையின் முடிவில், வந்திருக்கிற எல்லோருக்கும் கேட்கும்படி சாமியார் வாசிப்பார். இப்போது காகிதத்தில்தான் வாசிக்கிறார்கள், பேர் மட்டும் பழைய பேர். வாசிப்பார்கள் என்பதோடு நான் புரிந்துகொண்டது நின்றுவிட்டது.

மனைவி அண்ணனைக் கூப்பிட்டாள். “எத்தன மணிக்கு?” என்று மட்டும் கேட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி என்று பஸ் மாறி ஓசூரில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். தனியாகத்தான். கையில் கனமான பை. என் மனைவி அதைச் சமையலறைக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டாள். தேங்காய், ஒரு சீப்பு வாழைப்பழம், சாமந்திப்பூ.

“வெத்தல பாக்கு இல்ல” என்றாள். “சாமி கும்பிடத்தான் வந்துருக்காரு. சம்மதம் சொல்ல வர்ல.”

காலையில் குளித்து, வெள்ளை வேட்டி சட்டை போட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். “இது இருக்கலாமா, அழிக்கணுமா மாப்ள?” என்றார். எனக்குத் தெரியவில்லை. சம்பந்தியம்மாவுக்குப் போன் செய்தேன். “அது இருக்கட்டும் அண்ணாச்சி. அவரு நெத்தி, அவரு பூசுதாரு” என்று வைத்துவிட்டார். மச்சானிடம் சொன்னேன். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

தேவாலயம் தொழிற்பேட்டைக்குப் பின்னால், லாரிகள் வரிசையாக நிற்கிற ஒரு தெருவில் இருக்கிறது. தகரக் கூரை, ஓரத்தில் மணிக்கூண்டு. நாங்கள் போனபோது முந்தைய பூசை முடிந்து கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. அது கன்னடப் பூசை. வெளியே வருகிறவர்கள் கன்னடத்திலும் உள்ளே போகிறவர்கள் தமிழிலும் பேச, வாசற்படியில் இரண்டும் கலந்தன. இரவு ஷிப்ட் முடித்த பையன்கள் சிலர் யூனிபார்முடன், கழுத்தில் அடையாள அட்டையோடு அப்படியே வந்திருந்தார்கள்.

“இவங்கல்லாம் பெங்களூர்ல இருந்து வர்றாங்களா?” என்றார் மச்சான்.

“இல்ல மச்சான். இங்கயே இருக்கறவங்க.”

சம்பந்தியம்மா வாசலில் காத்திருந்தார். கும்பிட்டுவிட்டு மச்சானின் பையைப் பார்த்தார். “இது என்ன அண்ணாச்சி?”

“சாமிக்குங்க. வெறுங்கையோட எப்பிடி வர்றது?”

“நல்லாப் போச்சு! குடுங்க, காணிக்கையில வச்சிருவோம்.” பூசையின் நடுவில் அப்பத்தோடும் திராட்சை ரசத்தோடும் பழங்களையும் பீடத்துக்குக் கொண்டுபோவார்கள் என்று சொன்னார்.

“தேங்காய ஒடைப்பாங்களா?”

“ஒடைக்க மாட்டாங்க. சாமியாரு வீட்ல சமைக்கிற அக்கா சட்னி அரைச்சிருவா.”

மச்சான் சிரிக்கவில்லை. ஆனால் பையைக் கொடுத்தார்.

ஆண்கள் இடது பக்கம், பெண்கள் வலது பக்கம் என்று பிரிந்து உட்கார்ந்தோம். அப்படி உட்கார வேண்டும் என்று சட்டம் இல்லை, அங்கே பழக்கம். எங்களுக்கு எதிரில் தூணில் ஒரு பெரிய டிவி. பாட்டும், மக்கள் சொல்ல வேண்டிய பதில்களும் அதில் வரிவரியாக வந்தன. புதிதாக வருகிறவனுக்கு இதைவிட உதவி வேறில்லை. மச்சான் டிவியைப் பார்த்து எழுத்துக்கூட்டாமல் வாசிப்பார். ஆனால் பள்ளிக்கூடத்தில் வாசிப்பது போல முழுக் குரலில் வாசிப்பார். மற்றவர்கள் முடித்த பிறகு அவர் குரல் மட்டும் தனியாக ஒரு வார்த்தை பின்னால் வந்து சேரும். முன் வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார். அதன் பிறகு அவரும் கொஞ்சம் மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். மச்சானுக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

எழுந்தோம், உட்கார்ந்தோம், மறுபடி எழுந்தோம். ஒரு கட்டத்தில் எல்லோரும் முழங்காலில் நின்றார்கள். மச்சானுக்கு முழங்கால் வலி உண்டு. ஒரு கையைப் பெஞ்சில் ஊன்றிப் பாதி இறங்கியபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் (பாகலூர்க்காரர் என்று பிறகு தெரிந்தது) மச்சானின் கையைத் தொட்டு, “கூர்ச்சோண்டி, கூர்ச்சோண்டி” என்று தெலுங்கில் சொல்லி உட்கார வைத்தார். தானும் உட்கார்ந்துகொண்டார்.

சாமியாரின் பிரசங்கம் பக்கத்துத் தெருவில் தண்ணீர் லாரி வரும்போது நடக்கிற சண்டையைப் பற்றியது. குடத்தை முதலில் வைத்தவர் யார் என்பதில் தொடங்கி, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேச்சை நிறுத்தி வைத்திருப்பது வரை வந்தார். மச்சான் துண்டை மடியில் மடித்து வைத்துக்கொண்டு கேட்டார். பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி அண்ணனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பிரசங்கத்தில் ஒரு வரியாவது கேட்டிருப்பாளா என்பது சந்தேகம்.

பிறகு ஒரு நிமிடம் எல்லோரும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக் கைகூப்பி, சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். முன்னாலிருந்தவர், பின்னாலிருந்தவர், நடைபாதைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் என்று எல்லோரும் மச்சானைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அவரும் ஒருவரையும் விடாமல் திருப்பிக் கும்பிட்டார்.

“இத்தன பேருக்கு நம்மள யாருன்னு தெரியுமா மாப்ள?” என்று காதருகே கேட்டார்.

“இது எல்லாரும் எல்லாருக்கும் பண்றது மச்சான்.”

“தெரியாதவங்களுக்குமா?”

“ஆமா.”

“அப்பிடியா” என்று சொல்லி, விட்டுப்போன ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்துக் கும்பிட்டார்.

அப்பம் கொடுக்கத் தொடங்கியதும் வரிசை எழுந்தது. மச்சானும் எழுந்தார். அவர் துண்டின் நுனியைப் பிடித்து இழுத்தேன். இதை முந்தைய நாள் சம்பந்தியம்மா எனக்குச் சொல்லி வைத்திருந்தார்.

“வரிச நவுருது மாப்ள.”

“அது நமக்கு இல்ல. உக்காருங்க.”

“ஏன், பத்தாதா?”

பாகலூர்க்காரர் வாயைப் பொத்திக்கொண்டு வரிசைக்குப் போனார்.

எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்த நேரத்தில் சாமியார் ஒலிபெருக்கிக்கு முன்னால் வந்து காகிதம் ஒன்றைப் பிரித்தார். குழந்தைகளுக்கான மறைக்கல்வி வகுப்பு அடுத்த வாரம் இல்லை. இரத்ததான முகாமுக்குப் பெயர் கொடுக்க வேண்டும். கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுச்சுவர் வேலை தொடங்குகிறது. நகராட்சி அறிவிப்பு வாசிக்கிற அதே குரலில் ஓலைக்கு வந்தார். முதலில் வேறொரு ஜோடி. அடுத்து எங்கள் பெண்ணின் பெயர், எங்கள் பெயர்கள், பையனின் பெயர், அவன் பெற்றோர் பெயர், ஊர்கள். இது முதல் அறிவிப்பு என்றார். இந்தத் திருமணத்துக்கு யாராவது தடை ஏதும் அறிந்திருந்தால் தன்னிடம் தெரிவிக்க வேண்டும் என்று வாசித்து முடித்தார்.

மச்சான் எழுந்து நின்றார்.

அவர் ஒருவர் மட்டும்தான் நின்றார். முன் வரிசைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. பாட்டுக்குழுவில் கீபோர்டுக்குப் பின்னால் இருந்த பெண் விரல்களைத் தூக்கிக்கொண்டாள். என் மனைவி பாதி எழுந்து அப்படியே நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் எங்கள் பெண் தலை குனிந்திருந்தாள். எனக்கு அவர் மகனும் அந்த முறையும்தான் நினைவுக்கு வந்தன. தடை என்று சபையில் சொல்வதற்கு எங்கள் வழக்கப்படி உரிமை உள்ளவர் இந்தக் கட்டடத்துக்குள் ஒருவர்தான் உண்டு. அவர் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். துண்டை இழுக்கக் கை போனது. நிறுத்திக்கொண்டேன்.

“ஐயா, பொண்ணுக்குத் தாய்மாமனுங்க நானு” என்றார். ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசை வரை கேட்கும் குரல். “கல்லாவி. என் பையனுக்கு மொறப் பொண்ணுங்க அது.”

சாமியார் காகிதத்தைக் கீழே வைத்தார்.

“நீங்க கேட்டீங்க, அதனால சொல்றன். எனுக்குத் தட ஒண்ணும் இல்லீங்க. சம்மதம்.”

சொல்லிவிட்டு உட்காரவில்லை, கைகூப்பி நின்றார். எங்கிருந்தோ ஒரு குழந்தை கத்தியது. சாமியார் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தார். பிறகு, “ரொம்ப சந்தோஷமுங்க. உக்காருங்க” என்றார்.

“இன்னும் ரெண்டு தடவ கேக்கணுமுங்களே.”

கூட்டம் அப்போதுதான் சிரித்தது. சாமியார் சிரிக்கவில்லை. “கேப்பமுங்க. அடுத்த ஞாயித்துக்கிழம ஒரு தடவ, அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழம ஒரு தடவ” என்றார்.

“அப்ப வர்றனுங்க” என்று மச்சான் உட்கார்ந்தார்.

எங்கள் ஊர்ப் பக்கம் நிச்சயத்தில் தட்டு மாற்றுவதற்கு முன்னால், பெரியவர் ஒருவர் கூட்டத்தைப் பார்த்து, இந்தச் சம்பந்தத்தில் யாருக்காவது குறை உண்டா என்று மூன்று தடவை கேட்பார். மூன்று தடவையும் தாய்மாமன் வாயைத் திறந்து சம்மதம் சொல்ல வேண்டும். அவர் பேசாமல் இருந்தால் குறை இருக்கிறது என்று பொருள். தட்டு அப்படியே நிற்கும். தேவாலயத்தில் இது தலைகீழ். அங்கே பேசாமல் இருப்பதுதான் சம்மதம். யாரும் பதில் சொல்வதில்லை, சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் இல்லை. மச்சானுக்கு அது தெரியாது. சபையில் ஒரு பெரிய மனிதர் முறையாகக் கேட்கிறார், மாமன்காரன் வாய் மூடி உட்கார்ந்திருந்தால் தங்கச்சி பெண்ணுக்கு அசிங்கம் என்று எழுந்துவிட்டார்.

சாமியார் அன்று இரண்டே வார்த்தையில் அவரைத் திருத்தியிருக்கலாம். இங்கே அப்படிப் பதில் சொல்லத் தேவையில்லை என்று சொல்லியிருந்தால் அது உண்மையாகத்தான் இருந்திருக்கும். அவர் அதைச் சொல்லவில்லை என்பதை நான் மறக்கவில்லை. வாசித்து வாசித்துப் பழகிப்போன, யாரும் பதில் சொல்லாத ஒரு வரிக்குப் பதில் வந்தபோது, அதற்குத்தான் காத்திருந்தவர் போல வாங்கிக்கொண்டார்.

வெளியே மரத்தடியில் டீ கொடுத்தார்கள். இதுவும் புதிதாகப் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது: பூசை முடிந்ததும் ஓடிவிடாதீர்கள். முகம் தெரியாதவர்கள் வந்து நலம் விசாரிப்பார்கள், எந்த ஊர் என்று கேட்பார்கள். அன்று முக்கால்வாசிப் பேர் மச்சானைத்தான் விசாரித்தார்கள். பாகலூர்க்காரர் தன் முழங்காலுக்குப் போடும் தைலத்தின் பேரை அவருக்கு எழுதிக் கொடுத்தார்.

கூட்டம் குறைந்ததும் என் மனைவி அண்ணனிடம் வந்தாள். அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்திருந்தன.

“ஏண்ணா, இத வூட்டுலயே சொல்லியிருக்கலாம் இல்ல? இத்தன மாசம் எத்தன தடவ போன் பண்ணன்?”

“பண்ண. பண்ணி என்னா சொன்ன?” என்றார் மச்சான். “‘பாப்பா ஒரு பையனப் பாத்துருக்குதுண்ணா’ன்ன. ‘பையன் நல்லவன்ணா’ன்ன. ‘சாமியார் கூப்புட்டுப் பேசனார்ணா’ன்ன. எல்லாஞ் சொன்ன. ‘நீ என்னாண்ணா சொல்ற’ன்னு ஒரு வார்த்த கேட்டியா?”

“நீ கோவமா இருக்கறன்னு நெனச்சி…”

“கோவமா இருந்தா கேக்கக் கூடாதா? கோவமா இருக்கறவனத்தான் மொதல்ல கேக்கணும்.” டீயை ஒரு வாய் குடித்தார். “முன்ன பின்ன தெரியாத மனுசன், மைக்க வச்சிக்கினு கேக்கறாரு. நீ என் கூடப் பொறந்தவ.”

எங்கள் பெண் பக்கத்தில் வந்து நின்றாள். “நான் கேக்கறன் மாமா. உங்களுக்குச் சம்மதமா?”

“போடி. கேக்க வந்துட்டா. அங்கயே சொல்லியாச்சு” என்றார். ஆனால் டம்ளரை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையால் அவள் தலையைத் தொட்டார். பிறகு என் மனைவியைப் பார்த்து, “உங்க அண்ணிய யாரும் கேக்கல. அது தெரியுமா உனுக்கு? பையனப் பெத்தவ அவ. நான் சொன்னது எனுக்கு. அவளுக்கும் சேத்து நான் சொல்ல முடியாது” என்றார்.

திங்கட்கிழமையே என் மனைவி கல்லாவிக்குப் போனாள். நான் உடன் வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றாள். அங்கே நடந்ததை அவள் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். அண்ணி கடலை ஆய்ந்துகொண்டிருந்தாராம். வா என்றாராம், தண்ணீர் கொடுத்தாராம், மறுபடி கடலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாராம். என் மனைவியும் எதிரில் உட்கார்ந்து ஆய ஆரம்பித்திருக்கிறாள்.

“அண்ணி, உங்களக் கேக்காம விட்டுட்டன். இப்பக் கேக்கறன். பாப்பாவ அந்த வூட்டுக்குக் குடுக்கறதுல உங்களுக்குச் சம்மதமா?”

“அதான் உங்கண்ணன் கோயிலுக்குப் போயி ஊரக் கூட்டிச் சொல்லிட்டு வந்தாராமே. அப்பறம் எங்கிட்ட என்னாத்துக்கு?”

“அவரு சொன்னது அவருக்காம். உங்களுக்கு நீங்கதான் சொல்லணுமாம்.”

அண்ணி கையிலிருந்த கடலையைக் கீழே போட்டாராம். பிறகு, “அப்பிடியா சொன்னாரு?” என்று கேட்டாராம். சம்மதம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சோறு போட்டுத்தான் அனுப்பினாராம்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மச்சான் தனியாகத்தான் வந்தார். சாமியார் ஓலையை வாசித்து முடித்ததும் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கி, எங்கள் வரிசையைத் தேடிப் பார்த்து, காத்திருந்தார். மச்சான் எழுந்து “சம்மதமுங்க” என்று சொல்லி உட்கார்ந்தார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. சாமியார் தலையசைத்துவிட்டு அடுத்த அறிவிப்புக்குப் போனார். என் மனைவி வீட்டுக்கு வரும் வழியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “அண்ணி ஏன்ணா வர்ல?” மச்சான், “கூப்புட்டன். புடவ தொவைக்கணும்ன்னா” என்றார்.

அந்த வாரம் அவள் மறுபடியும் கல்லாவிக்குப் போகவில்லை. கேட்டாகிவிட்டது, இனி இழுத்துக்கொண்டு வரக்கூடாது என்றாள். பெண்ணும் தேதி பற்றிப் பேசவில்லை. மண்டபத்துக்காரர் போன் செய்தபோது ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு சொல்கிறேன் என்றேன்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவாலய வாசலில் நாங்கள் நின்றுகொண்டிருந்தபோது பஸ் நிலையத்திலிருந்து ஒரு ஆட்டோ வந்து நின்றது. முதலில் மச்சான் இறங்கினார். பின்னால் அவர் மனைவி, பட்டுப்புடவையில். என் மனைவி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணி கையை விடுவிக்கவும் இல்லை, முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. மச்சான்தான் பேசிக்கொண்டே வந்தார்.

“செருப்ப இங்க வுடு. உள்ள பெஞ்சி இருக்கும், பொம்பளைங்க அந்தப் பக்கம். அவங்க எந்திரிச்சா எந்திரி, உக்காந்தா உக்காரு. முட்டி போடறது நமக்கு வேணாம். டிவியில எழுத்து வரும், பாத்துப் படி. அப்பம் வாங்கப் போவாத, அது நமக்கில்ல. யாராச்சும் கும்பிட்டா நீயும் கும்பிடு, தெரிஞ்சவங்களான்னு பாக்காத.”

“ரெண்டு வாரம் வந்துட்டு சாமியாராட்டம் பேசறதப் பாரு” என்றார் அவர் மனைவி.

“கடசீல ஓலை வாசிப்பாங்க. நான் எந்திரிச்சிச் சொல்லுவன். நீ பேசாம உக்காந்துரு.”

அவர் செருப்பை ஓரமாக விட்டுவிட்டுப் படியேறினார். உள்ளே போய் என் மனைவிக்கும் சம்பந்தியம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்தார். எங்கள் இடத்திலிருந்து எனக்கு அவர் கொண்டையும் பூவும் மட்டும் தெரிந்தன. எழ வேண்டிய இடத்தில் எழுந்தார், உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்தார். சமாதானம் சொல்லும்போது சம்பந்தியம்மா அவர் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். அண்ணி ஒரு கணம் தாமதித்தார். பிறகு அவரும் கைகூப்பினார். அப்படியே இந்தப் பக்கம் திரும்பி என் மனைவிக்கும் கைகூப்பினார். நாத்தனாரை யாரும் அப்படிக் கும்பிடுவதில்லை. என் மனைவி என்ன செய்வதென்று தெரியாமல் அந்தக் கைகளை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

அறிவிப்புகள் வந்தன. சாமியார் எங்கள் பெண்ணின் பெயரை வாசித்தார், இது மூன்றாவது முறை, கடைசி முறை என்றார். தடை ஏதும் அறிந்தவர் உண்டா என்ற இடத்துக்கு வந்து, எங்கள் வரிசையைப் பார்த்தார். மச்சான் தொண்டையைச் செருமிக்கொண்டு, துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

பேசியது அவர் இல்லை.

“நான் பொண்ணுக்கு அத்தக்காரி” என்று பெண்கள் பக்கத்திலிருந்து குரல் வந்தது. அண்ணி எழுந்து நின்றார். புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். “மொற எங்க வூட்டுதுங்க. எங்களக் கேட்டாங்க. குடுத்துட்டம். சம்மதம்.”

மச்சான் திறந்த வாயோடு நின்றார். தன் முறை தாண்டிப் போய்விட்டது என்று புரிய அவருக்குச் சற்று நேரம் ஆனது.

“எனுக்குந்தானுங்க” என்றார்.

“தெரியுமுங்க” என்றார் சாமியார். “நீங்க உக்காருங்க. அம்மா, நீங்களும் உக்காருங்க.”

அண்ணியை என் மனைவி ஒரு பக்கமும் சம்பந்தியம்மா ஒரு பக்கமும் பிடித்து உட்கார வைத்தார்கள். சாமியார் காகிதத்தைத் திருப்பி, பூசைக்கு வருகிறவர்கள் வண்டிகளை வாசலுக்கு நேராக நிறுத்த வேண்டாம் என்று வாசித்தார்.